மூன்று விரல் உப்பு

மருத்துவ வரலாறு படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு குறை உண்டு. கண்டுபிடித்தவர் பெயர் இருக்கும், ஆண்டு இருக்கும், வெளியிட்ட ஆய்விதழின் பெயர்கூட இருக்கும். அந்த மருந்து ஆய்வகத்தை விட்டுக் கிளம்பி ஒரு குடிசையின் அடுப்படிக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது, யார் அதைக் கொண்டுபோனார்கள் என்பது மட்டும் இருக்காது. மருந்துக்கடையில் ஓ.ஆர்.எஸ். என்று கேட்டு வாங்குகிறோமே, அந்த உப்புச் சர்க்கரைக் கரைசலின் கதையில் அப்படி நடந்தவர்களை ஓரளவு தெளிவாகவே பார்க்க முடிகிறது. அவர்கள் நடந்தது வங்கதேசத்தின் கிராமங்களில்.

காலரா கண்டவரைக் கொல்வது உடம்பிலிருந்து வடிந்துபோகும் நீரும் உப்பும்தான். நரம்பில் சலைன் ஏற்றினால் பிழைத்துக்கொள்வார். ஆனால் சலைனுக்கு ஊசி வேண்டும், பாட்டில் வேண்டும், ஏற்றத் தெரிந்த ஆள் வேண்டும். குளுக்கோஸோடு சேர்த்துக் குடிக்கக் கொடுத்தால் நோயுற்ற குடலும் உப்பையும் நீரையும் உறிஞ்சிக்கொள்ளும். டாக்காவின் காலரா ஆய்வகத்தில் டேவிட் நலின், ரிச்சர்ட் கேஷ் முதலானோர் இதை நோயாளிகளிடம் சோதித்து, 1968-ல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். 1971 போரின்போது எல்லை தாண்டி வந்த அகதிகளால் மேற்கு வங்கத்தின் போங்காவ் நிரம்பி வழிந்தது. சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. திலீப் மஹாலனபிஸ் கரைசலை டிரம்களில் கலந்து வைத்து, நோயாளிகளின் உறவினர்கள் கையாலேயே குடிக்கக் கொடுக்கச் செய்தார். 30 சதவீதம் வரை இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

வழக்கமாக இங்கே கதையை முடித்துவிடுவார்கள். என்னைப் பொறுத்தவரை இங்கேதான் அது ஆரம்பிக்கிறது. முகாமில் டாக்டர் இருந்தார், சரி. டாக்டரே எட்டிப் பார்க்காத கிராமத்தில் ராத்திரி குழந்தைக்குப் பேதியானால் என்ன செய்வது?

ஃபஸ்லே ஹசன் ஆபெத் 1972-ல் தொடங்கிய பிராக் அமைப்பு இதைக் கையில் எடுத்தது. பாக்கெட்டாகக் கொடுத்தால் ஒருநாள் தீர்ந்துபோகும், கற்றுக்கொடுத்தால் தீராது என்பது அவர்கள் கணக்கு. 1979-ல் சுல்லா பகுதியில் சோதித்துப் பார்த்துவிட்டு, 1980-ல் பெரிய அளவில் இறங்கினார்கள். மூன்று விரலால் அள்ளிய ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். பேர் லோபோன்-குர், அதாவது உப்பு-வெல்லம்.

ஓரளவு படித்த பெண்களை வேலைக்கு எடுத்தார்கள். குழுக்களாக ஊர் ஊராகத் தங்கி, வீடு வீடாகப் போய், அம்மாக்களிடம் உட்கார்ந்து பேசினார்கள். பெண்கள் வாசலைத் தாண்டுவதே பேச்சாகும் ஊர்கள் அவை. சொல்லிக்கொடுக்க வேண்டியவை முதலில் பத்து விஷயங்கள், பிறகு அதை ஏழாகச் சுருக்கினார்கள். வாயால் சொன்னால் போதாது, அந்த அம்மாவே கலந்து காட்ட வேண்டும். உப்பு கூடிப்போனால் குழந்தைக்கு ஆபத்து என்பதால் விரல் அளவில் விளையாட முடியாது.

இந்தத் திட்டத்தில் என்னை மிகவும் யோசிக்கவைத்தது சம்பளம்தான். சுமார் ஒரு மாதம் கழித்து வேறொருவர் வந்து, சில வீடுகளைத் தேர்ந்தெடுத்து, "எப்படிக் கலக்கணும், சொல்லும்மா" என்று கேட்பார். கலந்து காட்டிய கரைசல் ஆய்வகத்துக்குப் போய், உப்பின் அளவு பார்க்கப்படும். அந்த அம்மா எவ்வளவு சரியாக நினைவில் வைத்திருக்கிறாரோ, அதைப் பொறுத்துத்தான் கற்றுக்கொடுத்த பெண்ணுக்குக் கூலி. எத்தனை வீடு ஏறி இறங்கினாய் என்பது மட்டும் கணக்கில்லை. கற்பித்தல் நடந்ததா என்பதற்கு இதைவிட நேர்மையான சோதனை எனக்குத் தெரியவில்லை. கூடவே ஒரு உறுத்தலும் இருக்கிறது: இன்னொருத்தியின் ஞாபகமறதிக்கு இவள் கூலியில் பிடித்தம். அந்த டாக்டர்கள், ஆய்வாளர்கள் யாருக்காவது இப்படி அளந்து சம்பளம் கொடுத்திருப்போமா?

இத்தனைக்கும் பிறகு ஒரு சிக்கல் வந்தது. அம்மாக்கள் கரைசலைச் சரியாகவே கலந்தார்கள், ஆனால் குழந்தைக்குப் பேதியானபோது கொடுத்தவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. ஏன் என்று தேடினார்கள். ஒரு காரணம், சொல். கிராமத்தில் பேதிக்கு நாலு பேர் இருந்தன. பால் குடிக்கும் குழந்தைக்கு வருவது ஒன்று, அஜீரணத்தால் வருவது ஒன்று, சீதபேதி ஒன்று. 'டயரியா' என்றால் அவர்களுக்குக் காலரா மாதிரிக் கொட்டித் தீர்ப்பது மட்டும்தான். மாந்தம் வேறு, பேதி வேறு என்று நினைக்கும் நம் ஊர்ப் பாட்டிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு காரணம், வீட்டு ஆண்கள். அவர்களிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. பிறகு சந்தையிலும் மசூதியிலும் அவர்களைக் கூட்டிப் பேசினார்கள். மூன்றாவதுதான் முக்கியமானது. கற்றுக்கொடுத்த பெண்களில் பலருக்கே நம்பிக்கை இல்லை. தங்களுக்கு வயிறு போனால் மாத்திரையைத்தான் தேடினார்கள். உப்பும் வெல்லமும் மருந்தா என்ற சந்தேகம். அவர்களை உட்காரவைத்து, உடம்புக்குள் அது எப்படி வேலை செய்கிறது என்று விளக்கினார்கள். அதன்பிறகு ஊரில் அவர்களே எல்லோர் முன்னாலும் அந்தக் கரைசலைக் குடித்துக் காட்டினார்கள். பயன்பாடு ஏற ஆரம்பித்தது.

கடைசிப் படியில் நிற்கும் ஊழியருக்கு 'என்ன செய்யணும்' என்பது மட்டும் போதும், 'ஏன்' எதற்கு என்று அதுவரை நினைத்திருக்கிறார்கள். அந்த 'ஏன்' கைக்கு வந்த பிறகுதான் அவள் வெறும் தூதாக இல்லாமல் ஆசிரியை ஆனாள். ஊர்க்காரர்கள் பார்த்தது அவள் வைத்திருந்த படங்களை அல்ல, அவள் முகத்தை.

1990-ல் முடிந்தபோது அவர்கள் 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போயிருந்தார்கள். பேதிக்குக் கரைசல் கொடுப்பதில் இன்றும் உலகின் முன்வரிசை நாடுகளில் ஒன்று வங்கதேசம்.

இந்தியாவில் 2005-ல் தொடங்கிய ஊரக சுகாதார இயக்கத்தின் ஆஷா பணியாளர்கள் இன்று சுமார் 10 லட்சம் பேர். 2022-ல் உலக சுகாதார நிறுவனம் அவர்களுக்கு விருது கொடுத்தது. ஆனால் அரசின் ஏட்டில் அவர்கள் தன்னார்வலர்கள். பெறுவது ஊக்கத்தொகை, சம்பளம் அல்ல. பாராட்டுவதற்கு நமக்குத் தயக்கமே இல்லை, ஊழியர் என்று எழுதத்தான் கை வரவில்லை. நலின், கேஷ், மஹாலனபிஸ், ஆபெத் என்ற பெயர்கள் நமக்குத் தெரியும், தெரியவும் வேண்டும். அந்தக் கோடிக்கும் மேற்பட்ட அடுப்படிகளில் உட்கார்ந்து மூன்று விரலை மடக்கிக் காட்டிய பெண்களில் ஒருத்தியின் பெயரையாவது நம்மில் யாரால் சொல்ல முடியும்?