படம் இடம்பெறாத கூட்டம்

இந்த ஜூபிலி மலரைப் புரட்டுகின்ற பங்கு மக்கள், மரியாயின் சேனை, வின்சென்ட் தே பவுல் சபை, பாடகர் குழு, இளைஞர் இயக்கம் என நம் பங்கின் எல்லாச் சபைகளின் படங்களையும் காண்பார்கள். ஒரு கூட்டத்தின் படம் மட்டும் இராது. செவ்வாய்தோறும் மாலையில் நம் ஞானோபதேச வகுப்பறையில் கூடும் குடிநோயாளர் கூட்டமே அது. அங்கு வருவோரின் பெயரை வெளியிடுவதில்லை; மேலும் அது நம் சபையும் அன்று. ஆயினும் அது இங்கு வந்து சேர்ந்த வரலாற்றை எழுதாமல் விட நமக்கு மனமில்லை.

குடிப்பவரைத் திருத்த நாம் அறிந்திருந்த வழி ஒன்றே. தபசுகாலத் தியானத்தின் முடிவில் பீடத்தின் முன் முழந்தாளிடச் செய்து, வேதாகமத்தின்மேல் சத்தியம் வாங்குவோம். இதற்கும் பெருமைமிக்க மரபு உண்டு. 1838-இல் அயர்லாந்தின் கார்க் நகரில் கப்புச்சின் குரு தியோபால்டு மாத்யு தொடங்கிய மதுவிலக்கு இயக்கத்தில் இலட்சக்கணக்கானோர் சத்தியம் செய்தனர். பின்னர் பெரும் பஞ்சம் வந்தது, இயக்கமும் தளர்ந்தது. நாம் வாங்கிய சத்தியங்களோ பெரும்பாலும் பாஸ்கா ஞாயிறைத் தாண்டியதில்லை. சத்தியத்தை மீறிவிட்டோமே என்ற வெட்கத்தில் சிலர் கோவிலுக்கு வருவதையே நிறுத்திக்கொண்டனர். அவர்களைக் குறித்து வருந்தினோமேயன்றி, நம் முறையைக் குறித்து ஐயுறவில்லை.

ஒரு நாள் ஒரு தாய் வந்தார். மகனுக்குச் சத்தியம் கொடுக்கலாம் என்றோம். "அது மூணு தடவை ஆச்சு, சாமி. குடிச்சவங்களே கூடிப் பேசுற கூட்டம் ஒண்ணு இருக்காமே, அது எங்க நடக்குது?" என்று கேட்டார். நமக்குத் தெரியவில்லை. திருச்சபைச் சட்டமும் மறையியலும் படித்த நமக்கு, அந்த ஒரு முகவரி தெரியவில்லை.

இதே தேடலில்தான் அந்த இயக்கமே பிறந்தது என்பதைப் பின்னர் படித்தறிந்தோம். அமெரிக்காவின் அக்ரன் நகர், 1935 மே 11, சனிக்கிழமை. குடியை விட்டு ஐந்து மாதமே ஆகியிருந்த பில் வில்சன் என்ற நியூயார்க் வணிகர், வந்த காரியம் தோல்வியுற்று, மேபிளவர் ஓட்டலின் முன்கூடத்தில் தனியே நின்றார். ஒருபுறம் மதுக்கூடத்தின் சிரிப்பொலி. மறுபுறம் நகரின் ஆலயங்களின் பெயர்ப்பட்டியல். தம்மைப் போன்ற இன்னொரு குடியரிடம் பேசினாலொழியத் தாம் தப்ப முடியாது என்று உணர்ந்து, பட்டியலில் கண்ட வால்டர் டங்க்ஸ் என்ற போதகருக்குத் தொலைபேசியில் பேசினார். அவர் நம் பிரிந்த சகோதரர்களுள் ஒருவர். அவர் மதுவிலக்குப் பிரசங்கம் செய்யவில்லை. சில பெயர்களைக் கொடுத்தார். அவற்றின் வழியே ஹென்ரியேட்டா சீபர்லிங் என்ற பெண்மணியின் இல்லத்தில், மறுநாள் மாலை ஐந்து மணிக்கு, டாக்டர் ராபர்ட் ஸ்மித்தைச் சந்தித்தார். பதினைந்து நிமிடம் மட்டுமே இருப்பேன் என்று சொல்லி வந்த அந்த அறுவை மருத்துவர், இரவு பதினொரு மணிக்கு மேல்தான் எழுந்தார். அதுவரை அவருக்கு உபதேசித்தவர் பலர். தன் சொந்தக் குடியைப்பற்றிச் சொன்னவர் இவர்தாம். டாக்டர் ஸ்மித் கடைசியாகக் குடித்த 1935 ஜூன் 10-ஆம் நாளையே ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது.

நம் திருச்சபைக்கும் இதில் பங்குண்டு. தொடக்கத்தில் இவர்கள் ஆக்ஸ்போர்டு குழு என்ற புராட்டஸ்டண்டு இயக்கத்தின் கூட்டங்களில்தான் கூடினர். கிளீவ்லண்டிலிருந்து வந்த கத்தோலிக்கருக்கு அங்கு பலர் முன்னிலையில் பாவங்களை அறிக்கையிடுவது இடறலாயிற்று. அவர்களுக்காகவே 1939 மே மாதம் கிளீவ்லண்டில் தனிக் கூட்டம் தொடங்கிற்று. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற பெயரையே சூட்டிக்கொண்ட முதல் கூட்டம் அதுவாம்.

அதே ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் நாள், அக்ரன் புனித தோமையார் மருத்துவமனையில் நோயாளிகளைச் சேர்க்கும் பொறுப்பிலிருந்த அருட்சகோதரி இக்னேஷியா, டாக்டர் ஸ்மித்தின் வேண்டுகோளுக்கிணங்க ஒரு குடியரைச் சேர்த்துக்கொண்டார். குடியரை மருத்துவமனைகள் விரும்பாத காலம். ஆகவே பதிவேட்டில் இரைப்பை அழற்சி என்று எழுதினார். (இதைப் பொய்யென்று நாம் தீர்ப்பிடப்போவதில்லை.) தனியறை இல்லாததால், மலர்களை வைக்கும் சிற்றறைக்கு அவர் கட்டிலைத் தள்ளினார். 1950-இல் டாக்டர் ஸ்மித் இறப்பதற்குள் ஏறத்தாழ 5000 பேர் அம்மருத்துவமனையில் சிகிச்சை பெற்றனர். வீடு திரும்புவோருக்குச் சகோதரி ஒரு திரு இருதயச் சின்னத்தைக் கொடுப்பார். மீண்டும் குடிக்கத் தோன்றினால், முதல் மிடறுக்குமுன் அதை நேரில் வந்து அவரிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். நாம் சத்தியம் வாங்கினோம்; அவரோ திரும்பிவரும் வழியைத் திறந்து வைத்தார்.

இந்தியாவில் இவ்வியக்கம் 1957-இல் தொடங்கியது. நாம் தேடிக் கண்ட கூட்டம், இரண்டு பேருந்து மாறிச் செல்லவேண்டிய ஊரில் இருந்தது. கூலி வேலை முடித்து அவ்வளவு தூரம் செல்ல எத்தனை பேரால் இயலும்? அங்கிருந்தோரிடம் நம் வகுப்பறையைத் தருகிறோம் என்றோம். இலவசமாக வேண்டாம், வாடகை தருவோம் என்றனர். எந்தச் சமயத்தோடும் சாராதிருப்பது அவர்கள் நெறி. அங்கே சந்தாவும் இல்லை. குடியை விடும் விருப்பம் ஒன்றே தகுதி. பங்குப் பேரவையில் எதிர்ப்பு இருந்தது. பிள்ளைகள் படிக்கும் அறையாயிற்றே என்றனர். முதல் செவ்வாயன்று இருவரே வந்தனர்.

அந்தத் தாயின் மகனைப்பற்றி எழுத நமக்கு உரிமையில்லை. கூட்டத்தின் நேரத்தை உபதேசியார் அறிவார். கேட்பவரின் பெயரை அவர் கேட்கமாட்டார். வகுப்பறைக்குப் பின்புறத் தெரு வழியாகவும் வரலாம். அந்தக் கதவைச் செவ்வாய் மாலைகளில் பூட்டுவதில்லை.