வேலை போன பின் ஊர் மாறலாமா? பாகலூர், ஓசூர் எல்லைப் பகுதிக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

கம்பெனியில் ஆள் குறைக்கிறார்கள் என்ற செய்தி வந்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி, "இனி இங்கேயே இருப்பதா, வேறு ஊருக்குப் போவதா?" என்பதுதான். ஓசூர்ப் பகுதிக்கு இது புதிய கேள்வி அல்ல. 2019-ல் வாகனத் துறை மந்தமானபோது அசோக் லேலண்ட் நிறுவனம் ஓசூர் ஆலைகள் உட்படப் பல ஆலைகளுக்கு வேலையில்லா நாட்களை அறிவித்தது. பெரிய ஆலை சில நாட்கள் நின்றால், அதற்கு உதிரி பாகம் செய்து கொடுக்கும் சிறு பட்டறைகளில் கான்ட்ராக்ட் ஆட்களின் வேலையே போய்விடுகிறது.

பாகலூருக்கு ஒரு தனி நிலைமை உண்டு. ஓசூர் சிப்காட் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் இருக்கிறது. மறுபக்கம் மாலூர், சர்ஜாபூர், அத்திபெலே என்று கர்நாடகத்தின் தொழிற்பகுதிகள். வேறு ஊர்க்காரர்களுக்கு வேலை மாறினால் வீடும் மாறியாக வேண்டும். நமக்கு அப்படியில்லை; வேலை எல்லை தாண்டினாலும் வீடு தாண்டாமல் இருக்கலாம். இரண்டையும் ஒரே முடிவாக எடுக்காமல் தனித்தனியாகக் கணக்குப் பார்ப்பதுதான் இங்கே முக்கியம்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்

ஊர் மாறுவதைப் பற்றி யோசிக்கும் முன், பழைய வேலையிலிருந்து வர வேண்டியது முழுதாக வந்துவிட்டதா என்று பாருங்கள். ஆட்குறைப்பு நேரத்தில் பல இடங்களில் ராஜினாமா கடிதம் எழுதித் தரச் சொல்வார்கள். தானாக ராஜினாமா செய்தவருக்கு ஆட்குறைப்பு இழப்பீடு கிடையாது. அதனால் "நிர்வாகம் என்னை நீக்குகிறது" என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. இழப்பீட்டின் அடிப்படைக் கணக்கு பழைய 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்ததுதான். ஒரு வருடம் தொடர்ந்து வேலை செய்த தொழிலாளியை நீக்க ஒரு மாத நோட்டீஸோ அதற்குரிய சம்பளமோ தர வேண்டும். வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடு. 300 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் ஆலையில் ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி வேண்டும். பாக்கிச் சம்பளத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் தந்துவிட வேண்டும். நீக்கிய ஒரு வருடத்துக்குள் அதே நிறுவனம் மறுபடி ஆள் எடுத்தால், நீக்கப்பட்டவர்களுக்கு முன்னுரிமை உண்டு. ஊரை விட்டுப் போனாலும் உங்கள் முகவரியும் போன் நம்பரும் நிறுவனத்தில் பதிவாக இருக்கட்டும்.

சட்டத்தில் உள்ள 15 நாள் என்பது குறைந்தபட்சம்தான். ஃபோர்டு நிறுவனம் 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தபோது, மறைமலைநகர் ஆலைத் தொழிலாளர்கள் சங்கமாக நின்று நீண்ட பேச்சுவார்த்தை நடத்தினார்கள். கடைசியில் கிடைத்த தொகை அந்த 15 நாள் கணக்கைவிடப் பல மடங்கு அதிகம். தனித்தனியாகப் போய்க் கையெழுத்துப் போட்டிருந்தால் அது நடந்திருக்காது.

நீங்கள் கான்ட்ராக்ட் ஆளாக இருந்தாலும் உரிமை இல்லாமல் போகவில்லை. ஒப்பந்ததாரர் சம்பளம் தராமல் போனால் வேலை வாங்கிய முதன்மை நிறுவனம்தான் பொறுப்பு. சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, வங்கிக் கணக்கு விவரம் எதையும் தூக்கிப் போடாதீர்கள். தகராறு வந்தால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். தொழிற்சாலைத் தொழிலாளிக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் ஏற்பாடு செய்யும். அதன் உதவி எண் 15100.

கையில் இருக்கும் பணம் எத்தனை மாதம் தாங்கும்?

ஐந்து வருடம் முடித்தவருக்கு கிராஜுவிட்டி உண்டு. கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி, 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வேலை செய்த வருடங்களால் பெருக்க வேண்டும். 18,000 ரூபாய் வாங்கியவர் எட்டு வருடம் வேலை செய்திருந்தால் சுமார் 83,000 ரூபாய் வரும்.

பி.எஃப். பணத்தில் அவசரப்படாதீர்கள். உங்கள் யுஏஎன் எண் எந்த மாநிலத்துக்குப் போனாலும் அதேதான். புதிய வேலையில் அதையே கொடுத்துக் கணக்கை மாற்றிக்கொள்ளலாம். பென்ஷனுக்குக் குறைந்தது பத்து வருட சர்வீஸ் வேண்டும். பத்து வருடம் ஆகும் முன் பென்ஷன் பகுதியையும் சேர்த்து எடுத்துவிட்டால், அதுவரை சேர்ந்த சர்வீஸ் கணக்கில் இல்லாமல் போய்விடும்.

இ.எஸ்.ஐ. மருத்துவ வசதி வேலை போன மறுநாளே நின்றுவிடாது. கட்டிய சந்தாவுக்கு உரிய பயன் காலம் முடியும் வரை குடும்பத்துக்கு வைத்தியம் பார்க்கலாம். வேலை இழந்தவர்களுக்காக 2018-ல் தொடங்கிய அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்ற திட்டமும் இருக்கிறது. சராசரி தினக் கூலியில் பாதியை, அதிகபட்சம் 90 நாட்களுக்கு, வாழ்நாளில் ஒரு முறை தருகிறார்கள். காலக்கெடு வைத்து நீட்டிக்கப்பட்டு வரும் திட்டம் என்பதால் இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் இப்போதைய நிலையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் கூட்டி வீட்டின் மாதச் செலவால் வகுத்தால், எத்தனை மாதம் யோசிக்க நேரம் இருக்கிறது என்று தெரிந்துவிடும். அந்த எண் தெரியாமல் எடுக்கும் முடிவு பெரும்பாலும் பயத்தில் எடுத்ததாக இருக்கும்.

மூன்று வழிகள்

*வீடு இங்கே, வேலை அங்கே.* 2025 ஆகஸ்டில் பெங்களூரு மெட்ரோவின் மஞ்சள் வழித்தடம் ஆர்.வி. ரோடு முதல் பொம்மசந்திரா வரை திறக்கப்பட்டது. ஓசூர் வந்து பொம்மசந்திரா வரை பஸ்ஸில் போய்விட்டால் எலக்ட்ரானிக் சிட்டியும் அதற்கு அப்பாலும் மெட்ரோவில் எட்டிவிடும். மாலூர்ப் பக்க வேலை என்றால் பாகலூரிலிருந்தே நேர் சாலை இருக்கிறது. ஷிப்ட் நேரம், கம்பெனி பஸ் எதுவரை வரும், இரவு ஷிப்ட் முடிந்தால் எப்படித் திரும்புவது என்பதைச் சேருவதற்கு முன்பே கேளுங்கள். விளம்பரத்தில் "பாகலூர்" என்று போட்டிருந்தால் எந்தப் பாகலூர் என்றும் பாருங்கள். பெங்களூரு விமான நிலையப் பக்கம் அதே பெயரில் இன்னொரு ஊர் இருக்கிறது. அங்கே தினமும் போய் வருவது நடக்காத காரியம்.

*ஒருவர் மட்டும் போவது.* சென்னை, கோவை, பெங்களூருவின் வடக்குப் பகுதி என்றால் பலர் இந்த வழிக்குத்தான் வருகிறார்கள். செலவு இரண்டு வீட்டுச் செலவாகும். பிள்ளைகளையும் வயதானவர்களையும் வீட்டில் இருப்பவர் தனியாகச் சுமக்க வேண்டும். உமர் (ரலி) அவர்கள், போர்வீரர்கள் மனைவியை விட்டுப் பிரிந்திருக்கும் காலத்துக்கு வரம்பு வைத்ததாக வரலாற்றில் வருகிறது. பிழைப்புக்காகப் பிரிவது கூடும். ஆனால் மனைவியின் சம்மதமும் ஒரு காலவரையறையும் வேண்டும் என்பதை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

*குடும்பத்தோடு போவது.* இதில் முதல் செலவு அட்வான்ஸ். பெங்களூருவில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது நெடுநாள் வழக்கம். மாதம் 8,500 வாடகை என்றால் 85,000. மேலே பார்த்த எட்டு வருட கிராஜுவிட்டி முழுவதும் வீட்டுக்காரர் கைக்குப் போய்விடும். சம்பளம் மாதம் 6,000 கூடியிருந்தாலும், அந்தப் பணத்தைத் திரும்பச் சேர்க்கவே ஒரு வருடத்துக்கு மேல் ஆகும்.

வீடு எல்லை தாண்டினால் எவை கைவிட்டுப் போகும்?

வாடகையைக் கணக்குப் பார்க்கும் பலர் இதைப் பார்ப்பதில்லை. சம்பளத்தைவிடப் பெரிய விஷயங்கள் இதில் இருக்கின்றன.

முதலில் பிள்ளைகளின் படிப்பு. மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு பெற, 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்லூரி செல்லும் பெண் பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டத்துக்கும் அந்த ஏழு வகுப்புகள்தான் கணக்கு. நடுவில் இரண்டு வருடம் கர்நாடகத்தில் படித்தால் அந்தச் சங்கிலி அறுந்துவிடும். அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத முன்னுரிமைக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழி வேண்டும்.

அடுத்து இட ஒதுக்கீடு. தமிழ்நாட்டில் முஸ்லிம்களுக்கு 2007 முதல் 3.5 சதவீதத் தனி ஒதுக்கீடு இருக்கிறது. கர்நாடகத்தில் 2பி என்ற பிரிவில் 4 சதவீதம் உண்டு. ஆனால் இங்கே வாங்கிய சாதிச் சான்றிதழை அங்கே காட்டி அந்த ஒதுக்கீட்டைக் கேட்க முடியாது. நெடுநாள் வெளியே இருந்துவிட்டால் தமிழ்நாட்டு இருப்பிடச் சான்றுக்கும் அலைய வேண்டி வரும். இரண்டு பக்கமும் இல்லாமல் பிள்ளை நடுவில் நிற்கக் கூடாது.

மொழியும் உண்டு. கர்நாடகப் பள்ளிகளில் கன்னடம் கட்டாயப் பாடம். எல்லைப் பகுதியில் வளர்ந்த நம் பிள்ளைகள் கன்னடம் பேசிவிடுவார்கள். எழுதிப் பரீட்சையில் தேறுவது வேறு. சிறு வகுப்புப் பிள்ளை பழகிக்கொள்ளும். எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு அது பெரும் சுமை.

ரேஷன் அட்டை முன்னுரிமை அட்டையாக இருந்தால், ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் அங்கேயும் தானியம் வாங்கலாம். தமிழ்நாடு அரசு தனியாகத் தரும் துவரம் பருப்பும் பாமாயிலும் அங்கே கிடைக்காது. மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாயும் தமிழ்நாட்டுக் குடும்ப அட்டையை வைத்து வருவதுதான். இங்கே மகளிருக்கு நகரப் பேருந்தில் இலவசம். கர்நாடகத்தின் சக்தி திட்டத்தில் இலவசமாகப் போக அந்த மாநில முகவரி வேண்டும். பைக்கை 12 மாதத்துக்கு மேல் அங்கே வைத்திருந்தால் பதிவெண்ணையும் மாற்றி, வரியும் கட்ட வேண்டும்.

வளைகுடா அழைப்பு வந்தால்

வேலை போன வீட்டுக்கு ஏஜெண்டுகளும் வருவார்கள். மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அந்த ஏஜெண்ட் பதிவு பெற்றவரா என்று பார்க்காமல் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும்தான். லட்சக்கணக்கில் கேட்டால் விலகிவிடுங்கள். விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்ற பேச்சை நம்ப வேண்டாம். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் ஆள் எடுக்கிறது. அங்கேயும் கேட்டுப் பாருங்கள்.

எப்போது போகலாம்?

பிள்ளைகள் ஆறாம் வகுப்புக்குக் கீழே இருந்தாலோ, பன்னிரண்டு முடித்துவிட்டாலோ, குடும்பத்தோடு போவதில் நஷ்டம் குறைவு. நடுவில் இருந்தால் முடிந்தவரை வேலையை மட்டும் மாற்றுங்கள். புதிய வேலை நிரந்தரமாகி, முதல் ஆறு மாதச் சம்பளம் ஒழுங்காக வந்த பிறகு வீட்டைப் பற்றி யோசிக்கலாம். மாறினாலும் கல்வியாண்டு முடிந்த மே மாதத்தில் மாறுங்கள். போகும் இடத்தில் பள்ளிவாசலும் பிள்ளைகளுக்கு மதரஸாவும் எவ்வளவு தூரம் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதைக் கணவர் மட்டும் முடிவு செய்யக் கூடாது. மனைவி, பெற்றோர், விவரம் தெரிந்த பிள்ளைகள் எல்லோரையும் உட்கார வைத்து மஷூரா செய்யுங்கள். கணக்குகளைத் தாளில் எழுதி எல்லோரும் பார்க்கட்டும். அதன் பிறகு இஸ்திகாரா தொழுங்கள். விசாரிக்க வேண்டியதை விசாரிக்காமல் இஸ்திகாராவை மட்டும் நம்புவது தவக்குல் ஆகாது.

இடைப்பட்ட மாதங்களில் நகையை வட்டிக்கு வைக்கும் முன் ஜமாஅத் நிர்வாகிகளிடம் நிலைமையைச் சொல்லுங்கள். பைத்துல்மால் இருக்கும் ஊர்களில் வட்டியில்லாக் கடன் கிடைக்கலாம். ஜகாத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரில் ஏழைகளும் கடனில் மூழ்கியவர்களும் இருக்கிறார்கள். நேற்று வரை கொடுத்தவர் இன்று வாங்குவதில் வெட்கம் இல்லை. ஜமாஅத்தும் கேட்டு வரும் வரை காத்திருக்காமல், எந்த வீட்டில் வேலை போயிருக்கிறது என்று விசாரித்துப் போய்ப் பார்ப்பது கடமை. மஹல்லாவில் கம்பெனிகளில் வேலை செய்பவர்கள் தங்கள் இடத்தில் காலியிடம் வந்தால் ஜுமுஆவுக்குப் பின் சொன்னாலே, ஒரு குடும்பம் ஊரை விட்டுப் போகாமல் இருக்க அது போதுமானதாக இருக்கலாம்.

ரிஜ்க் அளிப்பவன் அல்லாஹ். அதைத் தேடிப் போகும் வழியை நிதானமாகத் தேர்ந்தெடுப்பது நம் பொறுப்பு.