ஆப்பிள் அறிமுக ஊகங்கள்
ஆப்பிள் நிறுவனம் புதிய மென்பொருள்களையும் கருவிகளையும் அறிவிக்கும் முன் ரசிகர்களிடையே உலவும் கணிப்புகளும் கசிவுச் செய்திகளும். மென்பொருளுக்கு ஜூன் மாத உருவாக்குநர் மாநாடும், ஐபோனுக்குப் பெரும்பாலும் செப்டம்பர் நிகழ்ச்சியும் இவற்றின் பருவங்கள். உதிரிபாக ஆலைகள், கைப்பேசி உறை செய்வோரின் அச்சுகள், சோதனை மென்பொருளில் தட்டுப்படும் குறியீடுகள் ஆகியவற்றிலிருந்து தகவல் கசிகிறது. முதல் ஐபோனுக்கு முன்பு, ஐபாட் இசைக்கருவியின் சக்கரம் பொருத்திய கைப்பேசி வரும் என்று பலர் எதிர்பார்த்தனர். 2007 ஜனவரி 9 அன்று நிறுவனத்தின் இணை நிறுவனர் ஸ்டீவ் ஜாப்ஸ், சுழல்டயல் வைத்த ஐபாட் படத்தை மேடையில் வேடிக்கையாகக் காட்டிவிட்டு, தொடுதிரை ஐபோனை அறிமுகப்படுத்தினார். இந்தியாவில் எந்த ஐபோன் மாதிரி எப்போது தயாராகும் என்பதும் ஊகப்பொருளே. 2022 செப்டம்பர் 7 அன்று அறிமுகமான ஐபோன் 14, இந்தியாவில் தயாராவதை அம்மாதமே நிறுவனம் உறுதிசெய்தது. ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கான் ஆலையில் அது உருவானது.