சோல்பரினோப் போரும் ஊர்மக்கள் தொண்டும்

போர்க்களத்திற் புண்பட்டு மீண்ட வீரனைப் பேணுதல் அவன் மனையிலுள்ளாரின் கடன் என்பது பண்டைத் தமிழர் வழக்கு. வீட்டிறப்பில் வேப்பிலை செருகி, வெண்கடுகு தூவி, குழலூதி, மணியடித்து, காஞ்சிப் பண் பாடிப் புண்பட்டவனைச் சுற்றத்தார் காத்த செய்தியைப் புறநானூற்றிற் காணலாம். ஆனால், உற்றார் எவருமில்லாத தூரதேசத்தில் விழுந்து கிடக்கும் வீரனைக் காப்பவர் யார்? அவன் பகைவரின் படையைச் சேர்ந்தவனாயின், அவனுக்கு ஒரு மிடறு தண்ணீர் கொடுப்பவர் யார்? இவ்வினாக்களுக்கு நாடுகள் ஒன்றுகூடி விடை கண்டது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயாகும். அவ்விடைக்கு வழி காட்டியவர்கள் மன்னருமல்லர், மந்திரிகளுமல்லர். வட இத்தாலியிலுள்ள ஒரு சிறு நகரத்தின் சாதாரண மக்களே.

1859ஆம் ஆண்டு ஜூன் மாதம் 24ஆம் திகதி, சோல்பரினோ என்னும் ஊரைச் சூழ்ந்த குன்றுகளில் இரு பெருஞ் சேனைகள் மோதின. ஒரு பக்கத்தில் பிரெஞ்சுச் சக்கரவர்த்தி மூன்றாம் நெப்போலியனும், அவருக்குத் துணையாகச் சார்டீனிய மன்னர் இரண்டாம் விக்டர் இம்மானுவேலும் நின்றனர். மறுபக்கத்தில் ஆஸ்திரியச் சக்கரவர்த்தி பிரான்சிஸ் ஜோசப் நின்றார். ஏறத்தாழ 3 இலட்சம் வீரர் பொருத அப்போர் அதிகாலையில் தொடங்கி மாலைவரை நீடித்தது. மாண்டோரும், காயமுற்றோரும், காணாமற் போனோருமாக ஏறக்குறைய 40,000 பேர் ஒரே நாளிற் படைகளிலிருந்து குறைந்தனர். வெற்றி பிரான்சுக்குக் கிடைத்தது. ஆனால், வென்றவரிடத்தும் தோற்றவரிடத்தும், விழுந்தவரைத் தூக்கி எடுக்கப் போதிய வைத்தியரோ, வண்டிகளோ, மருந்தோ இருக்கவில்லை.

காயமுற்றோர் அருகிலுள்ள காஸ்திலியோனே நகரத்துக்கு வண்டிகளிலும், கோவேறு கழுதைகளிலும், தோழரின் தோள்களிலும் வந்து சேர்ந்தனர். சில நாள்களுள் அவர்களின் தொகை 9,000 வரையில் உயர்ந்தது. தேவாலயங்கள், மடங்கள், படைவீடுகள், தனியார் இல்லங்கள் எல்லாம் நிறைந்தன. இடமில்லாதோருக்குத் தெருக்களிலும் முற்றங்களிலும் வைக்கோல் பரப்பப்பட்டது. தண்ணீர் இருந்தது, ஆயினும் அதனை வாயருகே கொண்டு செல்லக் கைகள் இல்லை. உணவு இருந்தது, ஊட்டுவாரில்லை.

அவ்வேளையில் அந்நகரில் இருந்தவர் ஹென்றி டியூனாந்து என்னும் ஜெனீவா நகரத்து வணிகர். அப்போது அவருக்கு வயது 31. அவர் வைத்தியரல்லர்; போர்வீரருமல்லர். அல்ஜீரியாவில் தாம் நடத்திய தொழில் குறித்துப் பிரெஞ்சுச் சக்கரவர்த்தியிடம் விண்ணப்பஞ் செய்யும் நோக்கத்துடன் வந்தவர். கண்ட காட்சி அவரை வந்த காரியத்தை மறக்கச் செய்தது. ஊர்ப் பெண்களை ஒன்று திரட்டி, சிலரைத் தண்ணீர் கொடுக்கவும், சிலரைப் புண் கழுவவும், சிலரைக் கஞ்சி ஊட்டவும் அமர்த்தினார். சிறுவர்கள் ஊற்றுகளிலிருந்து வாளிகளில் நீர் சுமந்தனர். ஊர்க் குருவானவரும், வழிப்போக்கராக வந்த பிரயாணிகளுங்கூட அப்பணியில் இணைந்தனர். டியூனாந்து தம் வண்டிக்காரனைப் பிரேசியா நகருக்கு அனுப்பி, எலுமிச்சம்பழம், தோடம்பழம், சீனி, சட்டைகள், கட்டுத்துணி, புகையிலை முதலியவற்றை வாங்குவித்தார். உயிர் பிரியும் தறுவாயில் இருந்தோர் தாய்க்கும் தந்தைக்கும் சொல்ல விரும்பிய செய்திகளைக் குறித்துக்கொண்டார். சிறைபிடிக்கப்பட்ட ஆஸ்திரிய வைத்தியரை விடுவித்து, காயமுற்றோருக்குச் சிகிச்சை செய்யவிட வேண்டுமெனப் படைத்தலைவரிடம் வாதாடி இணங்கச் செய்தார்.

அங்கே படுத்துக் கிடந்தோர் பல மொழியினர். பிரெஞ்சுக்காரர், அராபியர், ஜெர்மானியர், ஸ்லாவியர் என வேற்றுமை பல. காஸ்திலியோனேப் பெண்கள் எவரையும் நாடு கேட்டுப் பிரிக்கவில்லை. அனைவரும் சகோதரரே என்று சொல்லிக்கொண்டு, நண்பனுக்கு வார்த்த அதே குவளையிற் பகைவனுக்கும் நீர் வார்த்தனர்.

இவ்வளவிலே கதை முடிந்திருப்பின், அஃது ஓர் ஊரின் ஈகைக்குச் சான்றாய் மட்டும் நின்றிருக்கும். டியூனாந்து கண்ட உண்மை வேறொன்றும் உண்டு. நாள்கள் செல்லச் செல்லத் தொண்டர்கள் களைத்தனர். பலர் ஒவ்வொருவராய் விலகினர். பயிற்சியில்லாக் கைகள் எவ்வளவு அன்புடையனவாயினும், அழுகும் புண்ணை ஆற்ற அவை போதவில்லை. இரக்கம் நொடிப்பொழுதிற் பிறக்கும். ஒழுங்கோ முன்னரே அமைக்கப்பட வேண்டியது. காப்பாற்றியிருக்கக் கூடிய எத்தனையோ உயிர்கள் அவ்வொழுங்கு இன்மையாற் போயின.

இவ்வெண்ணத்தை அவர் 1862ஆம் ஆண்டில் 'சோல்பரினோ நினைவு' என்னும் நூலாக எழுதித் தம் சொந்தச் செலவில் 1,600 பிரதிகள் அச்சிட்டு, ஐரோப்பாவின் அரசர், அமைச்சர், அறிஞர் ஆகியோருக்கு அனுப்பினார். அதில் அவர் வேண்டியவை இரண்டு. சமாதான காலத்திலேயே ஒவ்வொரு நாட்டிலும் தொண்டர் சங்கங்களை நிறுவிப் பயிற்றுதல் ஒன்று. காயமுற்றோருக்கும் அவரைப் பேணுவோருக்கும் தீங்கிழைப்பதில்லை என அரசுகள் உடன்படிக்கை செய்துகொள்ளுதல் மற்றொன்று. 1863 பெப்ரவரியில் ஜெனீவாவில் ஐவர் கொண்ட குழு அமைந்தது. 1864 ஆகஸ்ட் 22ஆம் திகதி 12 நாடுகள் முதலாவது ஜெனீவா உடன்படிக்கையிற் கைச்சாத்திட்டன. வெண்ணிலத்திற் செஞ்சிலுவை பாதுகாப்பின் அடையாளமாயிற்று.

அவ்வுடன்படிக்கையின் 5ஆம் பிரிவு பொதுமக்களைப் பற்றியது. காயமுற்றோருக்கு உதவும் ஊரவர் மதிக்கப்படவும் சுதந்திரமாக இருக்கவும் வேண்டும். காயமுற்றவன் தங்கிய வீடு பாதுகாக்கப்பட வேண்டும். அவ்வீட்டார் தம் இல்லத்திற் படையினரை ஏற்க வேண்டிய கடனிலிருந்து விலக்குப் பெறுவர் என அது விதித்தது. காஸ்திலியோனேயின் ஏழைப் பெண் தன் மனச்சாட்சியின்படி செய்ததை, அரசுகள் சட்டமாக ஏற்ற நாள் அது.

இதனை எதிர்த்தோரும் இருந்தனர். அவருள் முதன்மையானவர் புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார். கிரீமியப் போரிற் படைத்தாதியர் சேவையைச் சீராக்கியவர் அவர். தன் வீரரைப் பேணுவது அரசின் கடமை. அச்சுமையைத் தொண்டர்கள் தாங்கினால் அரசுகள் போரை எளிதாக நினைத்துவிடும் என்பது அவர் கருத்து. அதில் உண்மை இல்லாமலில்லை. எனினும், அரசு தன் கடமையை உணருமட்டும் காயமுற்றவனின் குருதி காத்திருப்பதில்லை. தொண்டர் படையினருக்குத் துணையாக நிற்க, பொறுப்பு அரசின் தலைமேலேயே இருக்க வேண்டும் என்ற ஏற்பாடே ஈற்றில் நிலைத்தது.

வீரனுக்கு ஏற்பட்ட காயம் அவன் குடும்பத்தையும் வருத்துவது. ஆதலின் தொண்டும் வீட்டை நோக்கி விரிந்தது. 1914இல் முதலாம் உலகப்போர் மூண்டதும், போர்க் கைதிகளைப் பற்றிய செய்திகளைத் திரட்டும் நிலையம் ஜெனீவாவில் திறக்கப்பட்டது. தன் மகன் உயிரோடிருக்கின்றானா என்று கேட்டுத் தாய்மார் எழுதிய கடிதங்கள் மலைபோற் குவிந்தன. அவற்றைப் படித்து, பெயர்களைப் பிரித்து, அட்டைகளில் எழுதி ஒழுங்கு செய்தவர்கள் நகரத்தின் ஆண்களும் பெண்களுமாகிய தொண்டர்கள். போர் முடிவதற்குள் அவ்வட்டைகள் 70 இலட்சத்தை எட்டின. காந்தியடிகளின் வரலாற்றையும் இராமகிருஷ்ணரின் வரலாற்றையும் பின்னர் எழுதிய ரோமன் ரோலந்து அவர்களும் அங்கே தொண்டராய் அமர்ந்து கடிதங்களைக் கவனித்தவரே. துப்பாக்கி தூக்காத ஒருவர், பேனாவும் பொறுமையும் கொண்டு ஆற்றக்கூடிய பணி எத்தகையது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

டியூனாந்தின் வாழ்வோ வேறு திசையிற் சென்றது. 1867இல் தொழில் நொடித்து, கடனாளியாகி, தாம் தோற்றுவித்த குழுவிலிருந்தும் நீங்கினார். வறுமையிற் பல ஆண்டுகள் அலைந்து, முடிவில் ஹைடன் என்னும் மலையூரில் ஒதுங்கினார். உலகம் அவரை ஏறக்குறைய மறந்தே விட்டது. 1901ஆம் ஆண்டில், முதன்முதலாக வழங்கப்பட்ட நோபல் சமாதானப் பரிசு அவருக்கும் பிரெடரிக் பாசி என்பவருக்கும் கிடைத்தது. 1910இல் அவர் மறைந்தபோது, அவ்வூர் வைத்தியசாலையில் ஏழை நோயாளருக்கென இலவசப் படுக்கை ஒன்று அமைய மரணசாசனத்தில் வழி செய்திருந்தார்.

செஞ்சிலுவையின் பணி இலங்கை மக்களுக்குப் புதியதன்று. 1989 முதல் அதன் சர்வதேசக் குழுவினர் இத்தீவிற் பணியாற்றினர். போர் நடந்த ஆண்டுகளில், பிரிந்த குடும்பங்களிடையே கடிதங்கள் அவர்கள் கைவழியே சென்றன. காணாமற் போனோரைத் தேடும் வீடுகள் இன்றும் பல. அவ்வீடுகளின் வாயிலில் நின்று, எப்பக்கத்தவர் என்று வினவாமல், என்ன வேண்டும் என்று வினவும் அயலவரே காஸ்திலியோனே மக்களின் உண்மையான வழித்தோன்றல்கள்.