வறட்சிக் காலத்தில் காவிரிப் பங்கீடு

ஒக்கலிபுரத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களாகிய நாம் நாள்தோறும் குடத்தில் பிடிக்கும் குழாய்நீர், சுமார் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் தொரேக்காடனஹள்ளியிலிருந்து இயந்திரங்களால் ஏற்றப்பட்டு வரும் காவிரி நீராகும். சேலம், தருமபுரி, திருச்சி, தஞ்சைப் பக்கங்களை விட்டுப் பிழைப்பு நாடி நம் முன்னோர் இந்நகருக்கு வந்தனர். 1974 ஆம் ஆண்டில் காவிரியும் அவர்களைத் தேடி வந்து சேர்ந்தது. ஆதலின் இந்நதியின் வரலாறு நமக்கு ஏட்டுச் செய்தி அன்று.

மைசூர் சமஸ்தானமும் சென்னை மாகாணமும் 1924 பிப்ரவரி 18 ஆம் நாள் செய்துகொண்ட உடன்படிக்கையைப் பலரும் பெயரளவில் அறிவர். கண்ணம்பாடி, மேட்டூர் ஆகிய இரு அணைகளுக்கும் வழிவகுத்தது அதுவே. அதிலுள்ள ஒரு விதி ஆழ்ந்து நோக்கத்தக்கது. திருச்சிக்கு மேற்கேயுள்ள மேலணையில் மாதத்திற்கு மாதம் இவ்வளவு நீர் ஓடவேண்டும் என்று அளவு குறித்தனர். அது ஓடுவதை உறுதி செய்த பின்னரே மைசூரார் கண்ணம்பாடியில் நீரைத் தேக்கலாம் என்பது ஏற்பாடு. ஐம்பதாண்டுக் கெடு முடிந்ததும் 1974 இல்தான். அதன்பின் புதிய உடன்பாடு எதுவும் கைகூடவில்லை.

1990 இல் நடுவர் மன்றம் அமைந்தது. 1991 ஜூனில் அது ஆண்டுக்கு 205 டி.எம்.சி. என்று இடைக்கால ஆணை வழங்கிற்று. அவ்வாண்டு டிசம்பரில் இந்நகரில் நிகழ்ந்தவற்றை விரித்துரைக்க நாம் விரும்பவில்லை. பிள்ளைகளை இரவோடு இரவாக ஊருக்கு அனுப்பிய வீடுகளும் உண்டு. அடைக்கலம் தந்த கன்னட அண்டை வீட்டாரும் உண்டு. ஆணையில் ஒரு குறை இருந்தது: மழை பொய்த்தால் எவ்வாறு பங்கிடுவது என்பதற்கு அதில் வாய்பாடு இல்லை.

2002 இல் மழை பொய்த்தது. வழக்கமான ஜூன் 12 இல் மேட்டூர் மதகு திறக்கப்படவில்லை, குறுவை போயிற்று. மண்டியாவிலும் வயல்கள் வாடின. இந்நிலையில், 2003 இல், சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்துப் பேராசிரியர் ஜனகராஜன் முயற்சியால் இரு மாநில உழவர்களும் ஓரிடத்தில் கூடினர். தங்கள் குழுவிற்கு அவர்கள் இட்ட பெயர் 'காவிரிக் குடும்பம்'. மண்டியா உழவர் தலைவர் புட்டண்ணய்யா ஒரு பக்கம். மன்னார்குடி ரங்கநாதன் மறுபக்கம். 1983 இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்த உழவர் சங்கத்தைச் சேர்ந்தவர் இந்த ரங்கநாதன் என்பதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது!

அவர்கள் பேசியதோடு நிற்கவில்லை. கன்னட உழவர்கள் தஞ்சைப் படுகைக்கு வந்து வெடித்த வயல்களைக் கண்டனர். தமிழ் உழவர்கள் கண்ணம்பாடிப் பக்கம் சென்று அங்குள்ள வறட்சியைக் கண்டனர். கன்னட நாட்டு அணைகள் நிரம்புவது தென்மேற்குப் பருவத்தில்; தஞ்சைக்கு வானம் கொடுப்பது ஐப்பசியில். இடைப்பட்ட சில வாரங்களில்தான் சண்டை முற்றுகிறது. ஆண்டுக் கணக்கைப் பிடித்து வாதாடும் வழக்கறிஞரைவிட, எந்த வாரம் தண்ணீர் தவறினால் நாற்று கருகும் என்று அறிந்த உழவனுக்கு இது எளிதில் விளங்கும் என்பது நம் கருத்து.

மதகைத் திறக்கும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. அரசுகள் அவர்கள் பேச்சை ஏற்று நடக்கவும் இல்லை. எனினும் பல ஆண்டுகள் கூடிக்கொண்டே இருந்தனர்.

2007 இல் வந்த இறுதித் தீர்ப்பு, வறட்சியாண்டில் குறையும் நீரின் விகிதப்படியே எல்லோர் பங்கும் குறையவேண்டும் என்றது. அக்குறைவைக் கணக்கிடுவதில் இன்னும் பூசல் ஓயவில்லை. 2023 செப்டம்பரிலும் இந்நகரில் கடைகள் அடைக்கப்பட்டன. 2018 பிப்ரவரி 16 இல் உச்ச நீதிமன்றம் தமிழகத்தின் பங்கில் 14.75 டி.எம்.சி. குறைத்துக் கருநாடகத்திற்குக் கொடுத்தது. அதில் 4.75 டி.எம்.சி. பெங்களூர் நகரின் குடிநீர்த் தேவைக்கென ஒதுக்கப்பட்டது. ஒக்கலிபுரத்துக் குழாயும் அதில் அடக்கம்.