ஓம்னி வேனும் ஒரு சின்னத் திருகும்

எங்கள் வீட்டுத் துண்டு மூட்டைகள் வெகுகாலம் பஸ் மேல் ஏறித்தான் ஜலகண்டாபுரத்திலிருந்து சேலம் போயின. 1994-ல் ஒரு பழைய மாருதி வேன் வாங்கினேன். 1984-ல் வந்து, பிறகு ஓம்னி என்று பெயர் மாறிய அதே வண்டிதான். 796 சி.சி., மூன்று சிலிண்டர். என்ஜின் முன் சீட்டுக்கு அடியிலேயே இருக்கும். வெயில் காலத்தில் ஓட்டியவர்களுக்கு அந்தச் சூடு மறந்திருக்காது.

அதில் கார்புரேட்டர். அதன் அடியில் ஒரு சின்ன மிக்சர் திருகு. ஸ்லோவில் நிற்கும்போது பெட்ரோல் எவ்வளவு சேர வேண்டும் என்பது அந்தத் திருகின் கையில். வெளியே திருப்பினால் பெட்ரோல் கூடும், உள்ளே திருப்பினால் குறையும். எங்கள் மெக்கானிக் மீட்டர் எதுவும் வைத்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டு கால் சுற்று, அரைச் சுற்று என்று திருப்புவார். என்ஜின் சத்தம் ஏறி, சீராகி, இறங்கத் தொடங்கும் இடத்தைக் காது கண்டுபிடிக்கும். கடைசியில் தூக்கலாகக் கொஞ்சம் வெளியே விட்டுவிடுவார். “அப்பத்தாங்க சார், சிக்னல்ல நிக்கறப்ப அணையாது” என்பார். நாங்களும் பாராட்டிக் கூலி கொடுத்தோம்.

ஒரு மழை நாள். சேலத்தில் கடை வாசலில் கண்ணாடியை ஏற்றி, என்ஜினை ஓடவிட்டு மனைவியும் மகளும் அரை மணி நேரம் காத்திருந்தார்கள். திரும்பி வந்தபோது மகள் வாந்தி எடுத்திருந்தாள். மனைவிக்குத் தலை பிளந்தது. வேன் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து இஞ்சி மரப்பா வாங்கிக் கொடுத்தேன்!

சில மாதம் கழித்துப் புகைச் சோதனை. மோட்டார் வாகன விதிகள் (1989) நான்கு சக்கர வண்டிக்கு ஸ்லோவில் 3 சதவீதம் கார்பன் மோனாக்சைடு வரைதான் அனுமதித்தன. என் வேனில் அதைப் போல இரண்டு மடங்கு. மணமும் நிறமும் இல்லாத அந்த நஞ்சு, என்ஜின் மூடியின் பழைய ரப்பர் இடுக்கு வழியாக உள்ளே வந்திருக்க வேண்டும். எங்கள் காதுக்கு இனித்த சத்தம் அதுதான். திருகை உள்ளே திருப்பச் சொன்னேன். வண்டி கொஞ்சம் உதறியது. பொறுத்துக்கொண்டோம்.

வெளிநாட்டில் இந்தத் திருகு பெட்ரோல் இஞ்செக்‌ஷன் வந்த பிறகும் உடனே போய்விடவில்லை. 1970-களின் வோல்க்ஸ்வாகன் வேன்களில் பாஷ் எல்-ஜெட்ரானிக் இருந்தது. காற்றை அளக்கும் பெட்டியில் ஒரு பக்கவழி. அதற்கு ஒரு திருகு. அதை உள்ளே திருப்பினால் பக்கவழிக் காற்று குறைந்து, அளக்கும் மடல் வழியே அதிகக் காற்று போகும். கம்ப்யூட்டர் அதற்கேற்பப் பெட்ரோலைக் கூட்டும். நம் கார்புரேட்டருக்கு நேர் எதிர்த் திசை. கார்புரேட்டரில் பழகிய கை அதைத் தொட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். பிறகு புகைக்குழாயில் ஆக்சிஜன் சென்சார் வந்து, எடையில் 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்ற கணக்கைக் கம்ப்யூட்டரே பார்த்துக்கொண்டது.

நம் நாட்டில் 2000-ல் பாரத் ஸ்டேஜ் விதிகள் வந்தபின் ஓம்னிக்கும் எம்.பி.எஃப்.ஐ வந்தது. 2004 அக்டோபர் முதல் பாரத் ஸ்டேஜ் 2 கார்களுக்கு ஸ்லோ அளவு 0.5 சதவீதம். காதால் பிடிக்கிற அளவா அது?

2009-ல் நான் அப்படி ஒன்று வாங்கினேன். முதல் முறை ஸ்லோ ஏறி இறங்கியபோது அதே மெக்கானிக் டார்ச் அடித்துத் திருகைத் தேடினார். கிடைக்கவில்லை. த்ராட்டில் பாடியில் கரி படிந்திருந்தது. ஒரு காற்றுக் குழாயிலும் வெடிப்பு. துடைத்து, குழாயை மாற்றியதும் சரியாகிவிட்டது. “இதுக்குப் போய்க் காசு வாங்கறதாங்க சார்?” என்றார். பழைய டியூனிங் கூலியையே கொடுத்தேன்.

என் மனைவி இன்றும் நிற்கிற வண்டியில் கண்ணாடியை ஏற்ற விடுவதில்லை.