வாக்குறுதியை விற்ற மன்னர்

 

ஒப்பந்தங்களைப் பற்றி மறுமையில் விசாரணை உண்டு என்பது திருக்குர்ஆனின் எச்சரிக்கை (17:34). இம்மையிலேயே அந்த விசாரணையின் ஒரு பகுதியைச் சந்தித்தவர்களை வரலாறு நமக்குக் காட்டுகிறது. 1660 முதல் 1685 வரை இங்கிலாந்தை ஆண்ட மன்னர் இரண்டாம் சார்லஸ் அவர்களுள் ஒருவர்.

மூவர் கூட்டணி

1667ஆம் ஆண்டு பிரான்சின் மன்னர் பதினான்காம் லூயி, ஸ்பெயினின் ஆளுகையில் இருந்த இன்றைய பெல்ஜியப் பகுதியின் மீது படையெடுத்தார். அண்டை நாடுகள் அஞ்சின. அதுவரை தமக்குள் கடற்போர் புரிந்துகொண்டிருந்த இங்கிலாந்தும் ஹாலந்தும் பகையை மறந்து கைகோத்தன. 1668 ஜனவரியில் ஆங்கிலத் தூதர் வில்லியம் டெம்பிளும் ஹாலந்தின் தலைவர் யோஹான் டி விட்டும் பேசி முடித்த உடன்படிக்கையில் சுவீடனும் இணைந்தது. லூயியின் பேராசைக்கு அது ஒரு தடுப்புச் சுவராக அமைந்தது.

டோவர் இரகசியம்

அந்தக் கையெழுத்தின் மை உலர்ந்த சில மாதங்களிலேயே சார்லஸ் மறைவாக லூயியிடம் பேரம் பேசத் தொடங்கினார். சார்லஸின் தங்கையும் லூயியின் தம்பி மனைவியுமான ஹென்ரியட்டா இடையில் நின்று உதவினார். 1670 மே மாதம் டோவர் துறைமுக நகரில் இரகசிய உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. சார்லஸ் தம்மைக் கத்தோலிக்கர் என அறிவிக்க வேண்டும். அதற்கு 20 இலட்சம் லீவ்ர் நாணயம். ஹாலந்துக்கு எதிரான போரில் பிரான்சுடன் சேர வேண்டும். போர் நடக்கும் காலமெல்லாம் ஆண்டுக்கு 30 இலட்சம் லீவ்ர். நண்பன் என்று எவருக்கு ஒப்பமிட்டுக் கொடுத்தாரோ, அவரையே தாக்குவதற்கு விலை பேசப்பட்டது.

சொந்த அமைச்சர்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. நெருங்கிய ஐந்து அமைச்சர்களுள் இருவருக்கே உண்மை தெரியும். மற்றவர்களை ஏமாற்ற, சமயம் பற்றிய விதியை நீக்கிய போலி உடன்படிக்கை ஒன்று அதே ஆண்டு டிசம்பரில் தயாரிக்கப்பட்டது. அதில் ஐவரும் கையொப்பமிட்டனர்.

1672இல் போர் மூண்டது. ஹாலந்து மக்கள் மதகுகளைத் திறந்து தம் வயல்களைத் தாமே நீரில் மூழ்கடித்துப் பிரெஞ்சுப் படையைத் தடுத்தனர். உடன்படிக்கையை நம்பியிருந்த டி விட்டை, ஆத்திரமுற்ற கும்பல் ஹேக் நகர வீதியில் கொன்றது. அந்த ஆண்டை அம்மக்கள் இன்றும் பேரிடர் ஆண்டு என்றே அழைக்கின்றனர்.

சார்லஸுக்குக் கிடைத்தது என்ன? ஐயமுற்ற நாடாளுமன்றம் போருக்கு மேலும் பணம் தர மறுத்தது. 1674இல் சமாதானம் செய்துகொண்டார். 1678இல், லூயியிடம் பணம் கேட்டு மன்னரின் உத்தரவுப்படி அமைச்சர் டான்பி எழுதிய கடிதங்கள் நாடாளுமன்றத்தில் வெளியாயின. டான்பி சுமார் 5 ஆண்டுகள் இலண்டன் கோபுரத்தில் சிறையிருந்தார். வஞ்சனை செய்தவர் அரியணையில், எழுதியவர் சிறையில்! அறிவிப்பதாகப் பணம் பெற்ற சமயத்தையோ, சார்லஸ் மரணப் படுக்கையில்தான், அதுவும் மறைவாக, ஏற்றார்.

இஸ்லாம் காட்டும் வழி

உறுதியாக நூற்ற நூலைத் தானே துண்டு துண்டாகப் பிரித்தெறியும் பெண்ணைப் போல் ஆகிவிடாதீர்கள் என்று அந்நஹ்ல் அத்தியாயம் (16:92) எச்சரிக்கிறது. ஒரு கூட்டம் மற்றொன்றைவிட வலிமை மிக்கது என்பதற்காகச் சத்தியங்களை ஏமாற்றும் கருவியாக்கக் கூடாது என்பதும் அவ்வசனத்தின் போதனை. வலிய பக்கம் சாய்வதற்காக எளிய பக்கத்திற்குக் கொடுத்த வாக்கை முறித்த சார்லஸின் செயலை இவ்வசனத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அமீர் முஆவியா (ரலி) அவர்களுக்கும் ரோமானியர்களுக்கும் இடையே தவணை குறித்த ஓர் ஒப்பந்தம் இருந்தது. தவணை முடிந்த உடனே தாக்குவதற்காக, முடியும் முன்பே எல்லையை நோக்கிப் படை நகர்ந்தது. அப்போது அம்ர் பின் அபஸா (ரலி) அவர்கள் விரைந்து வந்து, வாக்கைக் காக்க வேண்டும், வஞ்சிக்கக் கூடாது என்று உரக்க அறிவித்தார்கள். தவணை முடியும் வரை, அல்லது ஒப்பந்தம் முடிந்ததென எதிர்த்தரப்புக்கு வெளிப்படையாக அறிவிக்கும் வரை, அதன் முடிச்சை அவிழ்க்கவோ இறுக்கவோ கூடாது என்ற நபிமொழியை எடுத்துரைத்தார்கள். கேட்ட முஆவியா (ரலி) அவர்கள் படையுடன் திரும்பிவிட்டார்கள் (அபூதாவூத், திர்மிதீ).

கவனியுங்கள், சகோதரர்களே! ஒப்பந்தத்தை விட்டு விலகவே கூடாது என்று மார்க்கம் சொல்லவில்லை. விலகுவதானால் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு விலகு என்கிறது. சார்லஸுக்கும் அந்த வழி திறந்தே இருந்தது. அவர் இருட்டைத் தேர்ந்தெடுத்தார்.

நம் இல்லங்களில்

இது அரசர்களின் கதை மட்டுமன்று. ஒருவரிடம் முன்பணம் வாங்கிய மனையைக் கூடுதல் விலைக்கு இன்னொருவரிடம் பேசுகிறோம். ஒரு வீட்டில் நிக்காஹ் பேச்சை உறுதி செய்துவிட்டு, வசதியான மற்றொரு வீட்டாரிடம் தூது விடுகிறோம். கூட்டு வியாபாரத்தில் பங்காளிக்கு ஒரு கணக்கு, நமக்கு ஒரு கணக்கு. டோவரில் நடந்ததற்கும் இதற்கும் தொகையில்தான் வேறுபாடு. நம் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதை மறவாதீர்கள்.

யா அல்லாஹ்! கொடுத்த வாக்கைக் காப்போராக எங்களையும் எங்கள் சந்ததியினரையும் ஆக்குவாயாக! நயவஞ்சகத்தை விட்டும் எங்கள் இதயங்களைத் தூய்மைப்படுத்துவாயாக! ஆமீன்.